கொள்ளைநோய்க் காலமும் மேற்படிப்பு மாணாக்கரும்

விஞ்ஞானப் பாடம் படித்த பிள்ளைகள் யாவரும் ஐசாக் நியூட்டன் என்னும் பேரறிஞரை அறிவர். ஆயினும் அவர் ஒரு கொள்ளைநோய்க் காலத்துப் பட்டதாரி என்பதை அறிந்தோர் சிலரே. 1665-ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் பிளேக் நோய் பரவப் பல்கலைக்கழகம் கதவடைத்தது. நியூட்டன் தம் தாயாரின் பண்ணை வீட்டுக்குத் திரும்பினார். கணிதம், ஒளி, ஈர்ப்பு ஆகியவை பற்றி அவர் பின்னாளில் உலகுக்கு அளித்த கருத்துக்களுக்கு அந்நாட்களிலேயே வித்திடப்பட்டது என்பர்.

2020-ஆம் ஆண்டில் கொரொனா நோய் வந்தபோது இக்கதையை எத்தனையோ பேர் எடுத்துரைத்தனர். “வீட்டிலிருந்தே படியுங்கள், நியூட்டனைப் பாருங்கள்” என்று மாணாக்கருக்கு உபதேசம் செய்தோர் பலர். நாமும் செய்தோம். ஆனால் கதையின் மற்றைப் பாதியைச் சொல்ல மறந்துவிட்டோம். நியூட்டன் திரும்பிச் சென்ற வீட்டிலே தனித்திருந்து சிந்திக்க அவருக்கு இடமும் ஓய்வும் இருந்தன. 1664-ஆம் ஆண்டிலேயே அவருடைய கல்லூரி அவரை உபகாரச் சம்பளம் பெறும் மாணாக்கராகத் தெரிந்தெடுத்திருந்தது. 1667-இல் அவர் திரும்பி வந்தபோது, அவரைத் தன் அங்கத்தவராகவே ஏற்றுக்கொண்டது. அறிவு அவருடையது, ஆனால் இடமும் காலமும் பிறர் அளித்தவை. இந்த இரண்டாவது உண்மையைத்தான் எங்கள் ஊவா மலைநாட்டுப் பட்டதாரிகளை முன்வைத்து இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் இலங்கையிலே பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. மார்ச் 20-ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. விடுதிகளிலிருந்த மாணாக்கர் பெட்டி படுக்கைகளுடன் ஊர் திரும்பினர். பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்குத் திரும்பியோர் எந்த வீட்டுக்குத் திரும்பினர் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்து லயன் வீட்டைப் பாராதவர்களுக்காகச் சொல்கிறோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள்; ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, ஒரு சிறு சமையற்கட்டு. அடுத்த வீட்டு வானொலி நம் வீட்டிற் பேசும். நம் வீட்டுக் குழந்தையின் அழுகை நாலு வீடு கேட்கும். ஊரடங்குக் காலத்திலும் கொழுந்து பறித்தல் நிற்கவில்லை. விடியற்காலையிற் பெரட்டுக் களத்துக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் விழுந்தால்தான் அன்றைய அடுப்பு எரியும். 2020-இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அது 1,000 ரூபாவானது 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த அண்ணனும் தம்பியும் வேலையிழந்து வந்து அதே அறையிற் படுத்திருந்தனர். அவ்வறையின் மூலையொன்றிலே ஒரு பட்டதாரி தம் ஆய்வேட்டை எழுத வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகங்கள் கைகட்டி நின்றன என்று நாம் சொல்லோம். செய்த நன்மையைச் சொல்லுதல் கடமை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக இணைய வகுப்புக்கள் விரைந்து தொடங்கப்பட்டன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முயற்சியால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அவ்வகுப்புக்களுக்குக் கட்டணம் அறவிடாது வழிவிட்டன. ஆசிய அபிவிருத்தி வங்கி அவ்வாண்டில் நடத்திய ஆய்வொன்று, நம் உயர்கல்வி மாணாக்கருள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் இணைய வகுப்பை எட்ட முடிந்தது எனக் கண்டது. செல்வம் மிக்க நாடுகளும் பாராட்டத்தக்க செயல் இது.

ஆயினும் எஞ்சிய பத்துப் பேர் யார்? கட்டணம் இல்லாவிடினும் அலை வரவேண்டுமே! 2021-ஆம் ஆண்டில் லுணுகலைப் பக்கத்து மாணாக்கர் மலைக்காட்டிலே மரத்தின்மேல் அமைந்த பரணில் ஏறியிருந்து இணையத்தைப் பிடித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் நிலை அது. அவர்களுக்காக இரங்கியோர் பலர். அதே மலையில், அதே மழையில் நின்ற மேற்படிப்பு மாணாக்கரை யாரும் கண்டிலர். பட்டம் பெற்றவருக்கு என்ன குறை என்பதே பொதுவான எண்ணம்.

குறை இருக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945-ஆம் ஆண்டில் இலவசக் கல்வி கிடைத்தது. 1981-இல் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் தோன்றியது. பல்கலைக்கழக அனுமதியிலே கல்வி வசதி குன்றிய 16 மாவட்டங்களுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஊவாவின் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். 2005-இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இவையெல்லாம் ஏழைப் பிள்ளை பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைவதற்குக் கட்டிய படிகள். ஆனால் முதற்பட்டத்தோடு இப்படிகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. மகாபொல உதவி இல்லை. பதிவுக்கு ஒரு காலவெல்லை உண்டு. நோய் வந்து நாடு நின்றபோதும் அந்தக் காலவெல்லை என்னும் கடிகாரம் மட்டும் பலருக்கு நிற்காமல் ஓடிற்று.

எம்மிடம் முன்னாளிற் பயின்ற இருவரைப் பற்றிச் சொல்லுதல் இங்கே பொருந்தும். இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள், பெயர் வேண்டாம்.

ஒருவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்த பெண். பட்டம் பெற்று ஆசிரியையாகி, முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். வீட்டில் அலை கிடையாது. மாலையில் தேயிலை மலையின் உச்சிப் பாறைக்கு ஏறினால் மட்டும் கைத்தொலைபேசி பேசும். ஒருநாள் எம்மை அழைத்தார். “சேர், மழை பெய்கிறது. குடைக்குள்தான் நிற்கிறேன். நான் பேசுவது கேட்கிறதா?” என்றார். கேட்டது. “இந்த நிலையில் எப்படியம்மா எழுதுகிறாய்?” என்றோம். “எங்கள் மெடம் ஞாயிறுதோறும் சாதாரண அழைப்பிலே பேசுகிறார், சேர். போன கிழமை எத்தனை பக்கம் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றே எழுதிவிடுகிறேன்” என்றார். அவருடைய மேற்பார்வையாளர் எந்தச் சுற்றறிக்கையின்படியும் அதைச் செய்யவில்லை. தம் மனச்சாட்சியின்படி செய்தார். அப்பெண் காலந்தாழ்த்தியேனும் பட்டம் பெற்றுவிட்டார்.

மற்றவர் ஹல்துமுல்லைப் பக்கத்து இளைஞர். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மூடிய துயரத்தை யாவரும் அறிவோம். அவ்வாறு வீடிழந்த தோட்ட மக்களின் மீள்குடியேற்றமே அவருடைய ஆய்வுப் பொருள். வீடு வீடாகச் சென்று கேட்டெழுத வேண்டிய ஆய்வு அது. நோய்க் காலத்தில் எந்த வீட்டுக்குச் செல்வது? தனியார் வகுப்பில் ஈட்டிய சிறு வருவாயும் நின்றது. அலை ஒன்று தணிந்தால் மற்றொன்று எழுந்தது. 2020 ஒக்டோபரில் இரண்டாவது, 2021 ஏப்ரலுக்குப் பின் மூன்றாவது. இறுதியில் அலுவலகக் கடிதம் ஒன்று வந்தது. பதிவுக் காலம் முடிந்துவிட்டது. தொடர விரும்பின் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கவேண்டும் என்பது சாரம். அவர் அன்னை இரண்டு மாதம் கொழுந்தெடுத்தாலும் கட்ட முடியாத தொகை. கடிதத்தைக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினார்.

இங்கே எம் குற்றத்தையும் மறையாது சொல்லவேண்டும். “கொஞ்சம் பொறு தம்பி, எல்லாம் சரியாகும்” என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. 2022-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. எரிபொருளின்றிப் பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையத்துக்குத் திரும்பின. அவர் திரும்பவில்லை. இன்று கொழும்பிலே இரும்புக் கடையொன்றிற் கணக்கெழுதுகிறார். அது இழிவான தொழில் அன்று. ஆனால் 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்த வேளையில், பாதி எழுதிய அந்த ஆய்வேட்டை நினைத்து நாம் உறங்கவில்லை. வீடிழந்த தோட்டத்து மக்களிடம் உட்கார்ந்து கேட்டறிந்த ஒருவருடைய அறிவு ஊருக்கு மிகத் தேவைப்பட்ட நேரத்தில், அது ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது.

பிறநாடுகள் என்ன செய்தன? இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரல் இறுதியில் வெளியிட்ட வழிகாட்டலில், ஆய்வு மாணாக்கருக்கு ஆறு மாதம் மேலதிக அவகாசம் கூறியது. வாய்மொழித் தேர்வைக் காணொளி வழியே நடத்தவும் இடமளித்தது. பிரித்தானியாவின் அரச ஆராய்ச்சி அமைப்பு, தன் உதவியிற் பயின்ற இறுதியாண்டுக் கலாநிதிப் பட்ட மாணாக்கருக்கு ஆறு மாதம் வரை கால நீடிப்பை மட்டுமன்றி, அக்காலத்துக்குரிய உதவிப் பணத்தையும் அளிக்க முன்வந்தது. அவகாசம் தருதல் ஒன்று. அவகாசத்தில் உண்பதற்கு வழி தருதல் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் உதவி முழுமையாகும்.

நம் பல்கலைக்கழகங்களை நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, நோயாலோ பேரிடராலோ பல்கலைக்கழகம் மூடப்படும் நாட்கள் பதிவுக் காலத்திற் சேராதென முன்கூட்டியே விதி எழுதிவைத்தல். மாணாக்கர் ஒவ்வொருவரும் தனித்தனியே கெஞ்சிப் பெறும் சலுகையாக அது இருத்தலாகாது. இரண்டு, அந்நாட்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் வாங்காமையும், வருவாய் இழந்தோர் தவணை முறையிற் செலுத்த வழிவிடுதலும். மூன்று, இருந்து படிக்க ஓர் இடம். எந்தப் பல்கலைக்கழகத்து மாணாக்கராயினும், தம் ஊருக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகத்திலோ பொது நூலகத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோ, சுகாதார விதிகளைப் பேணி, அமர்ந்து எழுத ஓர் ஏற்பாடு வேண்டும். பதுளையிலும் பண்டாரவளையிலும் இது இயலாத காரியம் அன்று. நான்கு, மேற்பார்வையாளர் மாதத்துக்கு இருமுறையேனும் மாணாக்கரோடு பேசுதல். இணையம் வேண்டியதில்லை, சாதாரணத் தொலைபேசியே போதும். ஒருவர் செய்த அறத்தை ஒரு நிறுவனம் வழக்கமாக்கிக்கொள்வது கடினமா என்ன?

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லோருக்கும் அவகாசம் கொடுத்தால் பட்டத்தின் தரம் தாழாதா என்று வினவுவர். ஆய்வேட்டின் தரம் அதிலுள்ள உண்மையைப் பொறுத்தது. எழுதி முடித்த திகதியைப் பொறுத்ததன்று. அவகாசமின்றி அரைகுறையாய்ச் சமர்ப்பிக்கும் ஏடே தரத்தைத் தாழ்த்தும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “படித்தது போதாதா?” என்ற கேள்வியைப் பட்டதாரிப் பிள்ளையிடம் கேளாதீர். இரவில் ஒரு மணி நேரம் வானொலியைத் தணித்து, விளக்கடியை அப்பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். லயன் வீட்டில் அதுவே பெருங்கொடை.

மாணாக்கருக்கும் ஒன்று. துன்பத்தை மனத்துள் வையாதீர். அலுவலகத்துக்கு எழுத்திலே தெரிவியுங்கள். எழுதியதன் பிரதியைப் பேணுங்கள். காலவெல்லை முடியுமுன் எழுதுங்கள். எழுதத் தயங்கினால் பழைய ஆசிரியரிடம் செல்லுங்கள். எம்மைப் போன்றோர் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்ப முயன்றால், தாளையும் பேனாவையும் எங்கள் முன்னே வையுங்கள்.

சென்ற மாதம் நாம் அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதினோம். அவருடைய பழைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்புதற்கான விண்ணப்பத்தின் நகலையும் உடன் வைத்தோம். பதில் வந்தது: “சேர், பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாள்கள் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கின்றன. மற்றபடி எல்லாம் இருக்கின்றன.” விண்ணப்பத்திற் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார்.