ஊராட்சிக் கடைக்கு யார் கைகொடுப்பது?

நீலகிரியில் கூடலூர் நகராட்சிக்கும் ஸ்ரீமதுரை ஊராட்சிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இரண்டு ஊர்க் கடைகளும் ஒன்றாகவே அடைபட்டன. உதவி வந்தபோதுதான் நகரம் வேறு, கிராமம் வேறு என்றாயிற்று. அந்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம், சாலையோர வியாபாரிகளுக்குப் பிணையில்லாமல் 10,000 ரூபாய் கடனும், தவறாமல் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியமும் தந்தது. ஆனால் அது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான திட்டம். கிராமத்துக்காரர் நகரத்துக்குள் வந்து விற்றால் அதில் சேரலாம். தன் ஊர் முக்கில் விற்றால் சேர முடியாது. தேயிலை விலை அந்த ஆண்டு ஏறியதால் தோட்டம் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். சுற்றுலாவை நம்பிய கடைகளுக்கு அதுவும் இல்லை: உதகை மலர்க் கண்காட்சி 2020, 2021 இரண்டு கோடையிலும் நடக்கவில்லை.

வேறு வழிகளும் குறுகலானவைதான். 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், 2020 பிப்ரவரி இறுதியில் ஏற்கெனவே கடன் வைத்திருந்தவர்களுக்கானது. வங்கிப் படி ஏறாதவர் அதில் கணக்கிலேயே இல்லை. கூடலூர் வட்டத்தில் பலர் ஏன் ஏறவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாக வாழ்வோரிடமும் பட்டா இல்லை. அடமானம் வைக்க ஒன்றுமில்லை. தமிழக அரசு ஊரகப் புத்தாக்கத் திட்டத்தின் வழியே 300 கோடி ரூபாயில் கொரோனா நிதியுதவி அறிவித்தது நல்ல முயற்சி. ஆனால் அத்திட்டம் நடந்தது 3,994 ஊராட்சிகளில். மாநிலத்தில் அப்போது இருந்தவை 12,525. ஆந்திரம் 2020 நவம்பரில் தொடங்கிய 'ஜகனன்னா தோடு' திட்டம், கிராமம், நகரம் என்று பார்க்காமல் சிறு வியாபாரிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மனமிருந்தால் அந்தப் பிரிவினையைத் தாண்டலாம் என்பதற்கு அதுவே சான்று.

என் வாதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேரிடரில் மிகச் சிறிய கடைக்குக் கடன் அல்ல, திருப்பித் தரவேண்டாத மானியம் வேண்டும். அதை ஊராட்சியே தரவேண்டும். பூட்டிக் கிடந்த மாதங்களின் வாடகையையும் கெட்டுப்போன சரக்கையும் எந்த வியாபாரத்தாலும் மீட்க முடியாது. அந்த இழப்பின் மேல் தவணையையும் ஏற்றினால், அதைக் கட்ட மகளிர் குழுக் கடன், அதையும் கட்ட வட்டிக்காரர் என்றுதான் போகும். பிரிட்டனில் 2020-இல் உள்ளூர் மன்றங்கள் தங்கள் வணிக வரிப் பதிவேட்டை வைத்தே சிறு கடைகளுக்கு 10,000 பவுண்டு மானியம் கொடுத்தன. பதிவேட்டில் இல்லாத சந்தை வியாபாரிகள் விடுபட்டபோது, மன்றங்களே ஆராய்ந்து கொடுக்கத் தனி நிதியும் பின்னர் வந்தது. நம் ஊராட்சியிடமும் தொழில் வரிப் பதிவேடு உண்டு. யார் கடை திறந்தது, யார் கடை இன்னும் மூடியே கிடக்கிறது என்று அதற்குத் தெரியும். பணம்தான் இல்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது.

ஊராட்சியில் பணத்தைக் கொடுத்தால் தலைவரின் ஆட்களுக்கே போகும் என்பார்கள். இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனிலேயே சுமார் 2,260 கோடி பவுண்டு உள்ளாட்சி மானியத்தில் 110 கோடி அளவுக்கு மோசடியாலும் தவறாலும் போனதாக அரசு கணக்கிட்டது. ஆனால் அதில் பெரும்பங்கு, அவசரத்தில் சரிபார்ப்பைத் தளர்த்திய முதல் கட்டத்தில் போனது. ஆகவே செய்யவேண்டியது பட்டியலை நோய் வருமுன் தயாரிப்பது. பெயர்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசித்து, ஆட்சேபம் கேட்டால் பொய்ப் பெயர் நிற்காது. எந்தக் கடை யாருடையது என்று ஊருக்குத் தெரியும். 2020 அக்டோபர் 2-இல் கிராம சபைக் கூட்டமே நடக்கவில்லை என்பதால் இதைச் சாதாரண நாளிலேயே முடித்து வைப்பது இன்னும் அவசியம். இலவசப் பணம் சோம்பேறியாக்கும் என்ற பேச்சுக்கு ஒரே பதில்: அரசு ஆணையால் மூடிய கடைக்காரர் உழைக்க மறுத்தவர் அல்லர்.

2025 ஆகஸ்டில் ஸ்வநிதி 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் கடன் 15,000 ரூபாயாக உயர்ந்தது. நகரையொட்டிய பகுதிகளுக்கும் அது படிப்படியாக விரிகிறது. ஆயினும் அது இன்னும் கடன்தான். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊராட்சியின் கடைப் பட்டியலைக் கேளுங்கள். இல்லையென்றால் எழுதத் தொடங்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.