நிலத்துக்குப் பிணையம் உண்டு, உழைப்பவனுக்கு?

கல்லிலே நார் உரிக்க முடியுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். கல்லிலே எண்ணெய் எடுக்கிறோம் என்று கிளம்பியவர்கள் அமெரிக்கப் பெருமுதலாளிகள்!

கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் கிடக்கிறது அந்த எண்ணெய்ப் பாறை. அதை வெட்டி, நொறுக்கி, சுமார் 500 டிகிரிச் சூட்டில் வாட்ட வேண்டும். நல்ல பாறையானால் டன்னுக்கு 25 காலன் எண்ணெய் தேறும். மிச்சமெல்லாம் வெந்த கல். அதைக் கொட்டப் பள்ளத்தாக்கு வேண்டும். வறண்ட பூமியில் தண்ணீரும் வேண்டும்.

நிலத்தில் பெரும்பகுதி சர்க்காருடையது. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைக்கு விடப்படுவது. 1974-ல் கொலராடோவில் ஒரே ஒரு துண்டு நிலத்தை இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 21 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தன. வியாபார அளவில் எண்ணெய் வந்ததா? வரவில்லை!

அதே மாநிலத்தில், பாரசூட் என்ற ஊருக்கருகே, பெரும்பாலும் தனியார் நிலத்தில் எழுந்தது 'காலனி' திட்டம். இதில் பங்காளியான ஒரு கம்பெனிக்கு 1981-ல் சர்க்கார் கொடுத்த கடன் உத்தரவாதம் 110 கோடி டாலர். வேலை உண்டு என்று நம்பித் தொழிலாளர் குடும்பம் குடும்பமாய் வந்தனர். செலவுக் கணக்கு ஏறியது. எண்ணெய் விலை சரிந்தது. 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை, திட்டத்தை மூடுவதாக எக்சான் கம்பெனி அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 'கறுப்பு ஞாயிறு' என்றே அந்த வட்டாரம் அந்நாளைச் சொல்கிறது.

முதல் போட்டவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம். வீடு வாங்கக் கடன்பட்டவன் எங்கே போவான்?

இதிலிருந்து சர்க்கார் கற்ற பாடம் என்ன? 2008-ல் குத்தகை விதிகள் வந்தன. கம்பெனி முன்கூட்டியே திட்டம் எழுதித் தர வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும். வெட்டிய நிலத்தைச் சீர்ப்படுத்தப் பிணையம் கட்ட வேண்டும். நல்லது, வரவேற்கிறோம். கம்பெனிக்கும் சலுகை உண்டு: முதல் ஐந்தாண்டுகளுக்கு உரிமைத்தொகை 5 சதவீதமே; பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஏறி 12.5 சதவீதத்தில் நிற்கும்.

மண்ணுக்குப் பிணையம், முதலாளிக்குச் சலுகை. தொழிலாளிக்கு? பெரிய ஆலையை மூடுமுன் 60 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்று 1988-ல் ஒரு சட்டம் வந்தது. அறிவிப்புக் காகிதத்தால் அடுப்பு எரியுமா?

நாம் கேட்பது நியாயமானதே. அனுமதிச் சீட்டில் ஒரு வரி கூட்டுங்கள். நிலத்துக்குக் கட்டும் பிணையத்தைப் போல, திட்டம் நின்றால் தொழிலாளர்க்குத் தரவேண்டிய சம்பளத்துக்கும் நட்ட ஈட்டுக்கும் முதல் மண்வெட்டி விழுமுன்பே பணம் கட்டட்டும். கட்ட மறுப்பவன், திட்டத்தைத் தானே நம்பாதவன். அவன் நம்பாததை நம்பித் தொழிலாளி ஏன் குடிபெயர வேண்டும்?

கிளறிய மண்ணில் மறுபடியும் புல் முளைக்க வழி செய்தீர்கள். குலைந்த குடும்பம் தழைக்கவும் வழி செய்யுங்கள்!