மரப்பாவை விண்ணேறிய கதை

உயிரில்லாப் பொருளை உயிருள்ளது போல ஆட்டிக் காட்டும் கலை தமிழர்க்குப் புதிதன்று. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020) வள்ளுவர், நெஞ்சில் நாணம் இல்லாதவருடைய நடமாட்டத்தைக் கயிற்றால் இயக்கப்பட்டு உயிருள்ளது போல மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். ‘நாண்’ என்னும் ஒரே சொல் வெட்கத்தையும் கயிற்றையும் குறிப்பது அவ்வுவமைக்குத் தனிச் சுவை தருகிறது. இரவு என்னும் அதிகாரத்திலும் (1058) மரப்பாவை உவமையாக வருகிறது. கேட்போர்க்கு விளங்காத பொருளைப் புலவர் எவரும் உவமையாக ஆளார். ஆகவே அக்காலத் தமிழ்மக்கள் கயிற்றுப் பாவையை நன்கு அறிந்திருந்தனர் என்பது வெளிப்படை.

அத்தகைய கயிற்றுப் பாவை இருபதாம் நூற்றாண்டில் விண்கலமும் ஏறியது. 1965 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைத்தான் குறிப்பிடுகிறோம். அது தோன்றி அறுபது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட பொம்மைத் தொடரை ஆசிரியர்கள் இன்று ஏன் ஆராய வேண்டும் என்ற வினா எழலாம். அத்தொடரில் நம் நாடும் ஒரு பாத்திரமாக வருகிறது என்பதே விடை. அது எப்படி வருகிறது என்பதைக் காணுமுன், கதையையும் அதன் கலை நுட்பத்தையும் சிறிது நோக்குவோம்.

கதையின் தோற்றுவாய்

இத்தொடரை உருவாக்கியவர்கள் ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்னும் கணவன் மனைவியர். இலண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லௌ நகரில் படப்பிடிப்பு நடந்தது. மொத்தம் 32 பகுதிகள் வெளிவந்தன.

கதைக்கு வித்திட்டது உண்மை நிகழ்ச்சி ஒன்று. 1963 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் லெங்கேடே என்னும் ஊரில் இரும்புச் சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்தது. 29 தொழிலாளர் மாண்டனர். எனினும் பதினான்கு நாள் கழித்து, நவம்பர் 7 அன்று, 11 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். தரையைத் துளைக்கும் பெருங்கருவியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தகைய கருவிகள் ஓரிடத்தில் எப்போதும் ஆயத்தமாக இருந்தால் எத்துணை உயிர்களைக் காக்கலாம் என்ற எண்ணம் ஜெரி ஆண்டர்சனுக்கு எழுந்தது. அவ்வெண்ணமே ‘அனைத்துலக மீட்புப் படை’ என்னும் கற்பனை ஆயிற்று.

ஜெப் டிரேசி என்னும் முன்னாள் விண்வெளி வீரரும் அவருடைய ஐந்து மைந்தர்களும் ஒரு தீவில் மறைவாக வாழ்கின்றனர். மைந்தர்களின் பெயர்களான ஸ்காட், வெர்ஜில், ஆலன், கோர்டன், ஜான் ஆகியவை அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களிலிருந்து எடுக்கப்பட்டவை. விரைவு விமானம், பாரம் சுமக்கும் விமானம், விண்கலம், நீர்மூழ்கி, விண்வெளி நிலையம் என ஐந்து ஊர்திகள் அவர்களிடம் உள்ளன. உலகின் எம்மூலையில் இடர் நேர்ந்தாலும் இவற்றுடன் விரைந்து செல்கின்றனர். போர் செய்வதற்கன்றி உயிர் காப்பதற்கே அறிவியலைப் பயன்படுத்தும் வீரர்கள் இவர்கள். அணுகுண்டு அச்சம் உலகைப் பற்றியிருந்த காலத்தில் சிறுவர்களுக்கு இத்தகைய கதையைச் சொன்னது பாராட்டத்தக்கது.

இருவகைப் பாவைகள்

இனிப் பாவைகளின் இயக்கத்தைக் காண்போம். ஆங்கிலப் பாவை ஏறத்தாழ இரண்டடி உயரம் உடையது. மயிரிழை போன்ற மெல்லிய உலோகக் கம்பிகளால் அது தொங்கவிடப்பட்டது. ஆட்டுவோர் உயரமான பாலத்தின்மேல் நின்றனர். நடிகர்களின் உரையாடல் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதிவாகிவிடும். அவ்வொலி மின்துடிப்பாக மாறிக் கம்பி வழியே பாவையின் தலைக்குள் சென்று, அங்குள்ள சிறு மின்காந்தத்தை இயக்கும். உடனே உதடு பேச்சுக்கேற்ப அசையும். தலைக்குள் கருவியை வைக்க வேண்டியிருந்தமையால் தலை உடலின் அளவுக்குப் பொருந்தாதவாறு பெரிதாக அமைந்தது. 1967இல் வந்த ‘கேப்டன் ஸ்கார்லெட்’ தொடரில் அக்கருவியை மார்புக்குள் அமைத்த பின்னரே தலை அளவாயிற்று.

ஆயினும் இப்பாவைகளால் நன்றாக நடக்க முடியவில்லை. மெல்லிய கம்பியில் தொங்கும் இலேசான கால் தரையில் ஊன்றாது. படைத்தோர் இக்குறையை எவ்வாறு வென்றனர் என்பது எண்ணத்தக்கது. பாவைகளை ஊர்திகளில் அமர்த்தினர். நகரும் இருக்கைகளில் செலுத்தினர். இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினர். நடக்க இயலாமையே ஊர்திகள் நிறைந்த கதைக்குத் துணைக் காரணம் ஆயிற்று.

நம் பொம்மலாட்டம் இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டுப் பாவைகள் இந்தியாவின் மிகப் பெரிய பாவைகளுள் அடங்கும். சில நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உடையவை. பாவையின் கயிறுகள் ஆட்டுவோர் தலையில் முடி போல அணியும் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளைக் குச்சிகளால் இயக்குவர். பாரத்தைத் தலை தாங்குவதால் ஆட்டுவோரின் இரு கைகளும் அபிநயம் காட்டுவதற்கு எஞ்சுகின்றன. உதடு அசையாவிட்டாலும் பாட்டும் தாளமும் பாவையைப் பேச வைக்கின்றன. ஆங்கிலப் பாவை பேசக் கற்றது. நம் பாவை ஆடக் கற்றது. ஒவ்வொன்றும் தன் உடலமைப்புக்கு இசைந்த கதையைத் தேடிக்கொண்டது.

கண்ட கண்ணும் காணாத நாடும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தொடரின் பெருங்கயவன் ‘ஹூட்’ எனப்படுபவன். அவன் மறைந்து வாழும் இடம் மலேசியக் காட்டில் உள்ள ஒரு கோயில். அங்கிருந்தபடியே மாய ஆற்றலால், டிரேசியின் வீட்டில் பணிபுரியும் தன் அரை உடன்பிறப்பு கிரானோவை ஆட்டிப் படைக்கிறான். முதற்பகுதியில், இலண்டனிலிருந்து டோக்கியோ செல்லும் அணுவாற்றல் விமானத்தில் அவன் குண்டு வைக்கிறான். அவ்விமானத்தில் கிரானோவின் மகள் டின்-டின் பயணம் செய்கிறாள். மீட்புப் படை சக்கர வண்டிகளை ஓடுபாதையில் ஓட்டி, அவற்றின்மேல் விமானத்தை இறக்கிக் காக்கிறது.

நூறாண்டு கடந்த வருங்காலத்தைத் துணிந்து கற்பனை செய்தவர்கள், மலேசியாவை மட்டும் காடு, கோயில், மாயவித்தை என்ற பழைய திரைச்சீலையிலேயே வரைந்தனர். டின்-டின் கல்வியும் பொறியியல் அறிவும் உடையவளாகப் படைக்கப்பட்டாள் என்பதை மறுக்கலாகாது. எனினும் அவள் தந்தை பணியாள். தந்தையின் உடன்பிறப்போ கொடியவன். ஆனால் 1963 டிசம்பர் 28 அன்றே கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியிருந்தது. படைத்தோர் தீய எண்ணத்தால் இவ்வாறு செய்தனர் எனக் கூற வேண்டியதில்லை. ஆட்சி நீங்கினாலும் ஆண்டோர் மனத்தில் பதிந்த படம் எளிதில் நீங்குவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

காலம் தந்த மறுமொழி

1993 டிசம்பர் 11 அன்று, பெருமழைக்குப் பின், உலு கிள்ளான் பகுதியில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று மண்சரிவால் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பிறநாட்டு மீட்புக் குழுக்களும் வந்து உதவின. அத்துயரத்துக்குப் பின்னரே ‘ஸ்மார்ட்’ எனப்படும் சிறப்பு மீட்புப் படை மலேசியாவில் அமைக்கப்பட்டது. லெங்கேடே சுரங்கம் கற்பித்த பாடத்தை நம் நாடும் தன் இழப்பால் கற்றது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அப்படை அங்குச் சென்று இடிபாடுகளில் தேடுதற்பணி செய்தது. கயவனின் ஒளிவிடமாகத் திரையில் காட்டப்பட்ட நாடு, பிறநாட்டுக்கு மீட்போரை அனுப்பும் நாடாகத் திகழ்கிறது.

கலைத்துறையிலும் மறுமொழி உண்டு. கிளந்தானின் ‘வாயாங் கூலிட்’ என்னும் தோற்பாவை நிழற்கூத்து இராமாயணக் கதையை வழிவழியாக ஆடிவருவது. 2013இல் வடிவமைப்பாளர் டின்டாய் சுவோவும் கிளந்தான் கூத்துக் கலைஞர் பா டாயினும் கூடி, ‘ஸ்டார் வார்ஸ்’ திரைக்கதையை அந்நிழற்கூத்தாக ஆக்கினர். ‘பெப்பெராங்கான் பிந்தாங்’ என்பது அதன் பெயர். விண்மீன் போர் என்பது பொருள். அதில் டார்த் வேடர் ‘சங்காலா வேடே’ எனவும், லூக் ஸ்கைவாக்கர் ‘பெரந்தாவ் லங்கிட்’ எனவும் பெயர் பெற்றனர். மரபு கெடாமல் புதுக்கதை புகுந்தது.

நம் பணி யாது?

மலாய்க் கலைஞர் செய்த இது தமிழாசிரியர்க்கும் ஒரு வழியைக் காட்டுகிறது. நம் மாணவர்கள் தமிழில் அறிவியல் கற்கின்றனர். ஆயின் அறிவியற் சொற்கள் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகின்றன. கதையில் ஏறி அவர்கள் நாவில் வாழ்வதில்லை. பாவைக்கூத்து அதற்கு எளிய கருவி. அட்டை, நூல், குச்சி ஆகியவை போதும்.

இரும்பாணி ஒன்றில் காப்பிட்ட செப்புக்கம்பியைச் சுற்றி மின்கலத்தோடு இணைத்தால் அது குண்டூசிகளை ஈர்ப்பதை மாணவர் வகுப்பில் காண்கின்றனர். அதே விதிதான் ஆங்கிலப் பாவையின் உதட்டை அசைத்தது என்று சொல்லிப் பாருங்கள். மின்காந்தம் என்னும் சொல் அவர்கள் மனத்தில் நிலைக்கும். மழைநீர் வடிய வழியின்றி மலைச்சரிவில் ஊறினால் மண் ஏன் நெகிழ்கிறது என்பதைக் கதையாக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் சரிவையும் வடிகாலையும் நேரில் அறிந்தவர்கள். கதைக்கு வேண்டிய செய்தி அவர்களிடமே உண்டு. மீட்புப் படையில் முனியம்மாளும் அகமதுவும் மெய்லிங்கும் இருக்கட்டும்.

பாவை தானாக எதையும் சொல்வதில்லை. ஆட்டுவோர் எண்ணியதையே சொல்கிறது. ஸ்லௌ நகரத்தார் தம் கண்ணால் கண்ட மலேசியாவைக் காட்டினர். நம் மலேசியாவைக் காட்டும் கடமை நம்முடையது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள பள்ளிகள், ஆண்டுவிழாவில் ஆடலுக்கும் பாடலுக்கும் ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை ஓர் அறிவியற் பாவைக்கூத்துக்கு அளித்தால், அதுவே நல்ல தொடக்கமாகும்.