விடுதிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு

2020 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு அன்றாடம் வெளியிட்ட கொரோனா எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்திருந்தது. சமூகத்தில் தொற்றியவர்கள் ஒரு வரி; விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இன்னொரு வரி. முதல் வரி குறையக் குறைய ஊர் நிம்மதியடைந்தது. இரண்டாவது வரி நூற்றுக்கணக்கில் ஏறியது. அதில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரின் வானளாவிய கட்டடங்களை எழுப்பியவர்களை அதே ஊரோடு சேர்த்து எண்ண மனம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய இரு விடுதிகள் அடைக்கப்பட்டன. சுமார் 20,000 பேர் உள்ளே. அதே மாதம் சிங்கப்பூரின் சீனமொழி நாளேடான சாவ்பாவில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. பின்தங்கிய நாடுகளிலிருந்து வந்தவர்கள், சுத்தம் தெரியாதவர்கள், கையால் சாப்பிடுபவர்கள். நோய்க்கு அவர்களே காரணம் என்றது கடிதம். அமைச்சர் கா. சண்முகம் அதை இனவெறி என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் கடிதம் எழுதியவர் மட்டுமா அப்படி நினைத்தார்?

உண்மையில் நோயைப் பரப்பியது அறை. ஓர் அறையில் 12 முதல் 20 பேர், அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையற்கூடம். வேலைக்குப் போவது லாரியின் பின்புறம், தோளோடு தோள் உரச. இந்த நெரிசல் ஆபத்தானது என்று டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு மார்ச் மாதமே பத்திரிகையில் எழுதி எச்சரித்திருந்தது. அந்த இடத்தில் யாரைப் படுக்கவைத்திருந்தாலும் தொற்றியிருக்கும், அவர் கரண்டியால் சாப்பிட்டாலும் சரி, கையால் சாப்பிட்டாலும் சரி. டிசம்பரில் அரசே சொன்ன கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

நோய் தணிந்த பிறகும் சந்தேகம் தணியவில்லை. மற்றவர்கள் 2020 ஜூன் முதல் ஊரடங்கிலிருந்து படிப்படியாக வெளியே வந்தார்கள். விடுதித் தொழிலாளருக்கோ வாசலைத் தாண்ட அனுமதி வாங்கும் முறை 2022 ஜூன் வரை நீடித்தது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை இந்தியத் தொழிலாளர்கள் கூடும் தேக்காவுக்குப் போய்வரத் தனி அனுமதி கேட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவரை, அவர் எங்கே உறங்குகிறார் என்பதை வைத்து மட்டும் நிறுத்திவைப்பதை மருத்துவம் என்று சொல்ல முடியாது.

புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021இல் விதி வந்தது. பழைய விடுதிகள் அந்த எண்ணிக்கைக்கு இறங்க 2030 வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது.