இயல்பாகவே

இயல்பாகவே என்பது, ஒரு பொருளின் தன்மை வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று, அப்பொருளிலேயே அமைந்தது என்று உணர்த்தும் வினையடை ஆகும். இதற்கு ஈடாக ஆங்கிலத்தில் 'இன்ஹெரன்ட்லி' என்னும் சொல் வழங்குகிறது. அது, 'உள்ளே ஒட்டியிருத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லை வேராகக் கொண்டது. தமிழில் 'இயல்பிலேயே', 'தன்னியல்பாக', 'உள்ளார்ந்து' ஆகிய சொற்களும் இப்பொருளில் ஆளப்படுகின்றன. இக்கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தஞ்சைப் பகுதியைச் சார்ந்தவை.

சொல்லமைப்பு

இச்சொல் இயல்பு + ஆக + ஏ எனப் பிரியும். 'ஆக' என்பது பெயர்ச்சொல்லை வினையடையாக்குகிறது. ஏகாரம் தேற்றப் பொருளில் வருகிறது. ஏகாரம் இல்லாதவிடத்துப் பொருள் வேறுபடலாம். 'அவர் இயல்பாகப் பேசினார்' என்றால் தயக்கமின்றிப் பேசினார் என்பது பொருள். 'அவர் இயல்பாகவே குறைவாகப் பேசுபவர்' என்றால் அது அவருடைய குணம் என்பது பொருள்.

இலக்கணத்திலும் இயல்பு என்பது 'மாறாத தன்மை' என்னும் பொருளில் வருகிறது. வயல் + வரப்பு = வயல்வரப்பு என மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. நெல் + பயிர் = நெற்பயிர் எனத் திரிந்து சேர்வது விகாரப் புணர்ச்சி.

பொருள் வரையறை

சூழ்நிலை மாறினாலும் நீங்காத தன்மையையே 'இயல்பாகவே' என்னும் சொல்லால் குறிக்க வேண்டும். சம்பாப் பருவத்தில் பயிரிடப்படும் மரபு நெல் வகைகள் பலவும் பகற்பொழுது குறையும் காலத்திலேயே பூக்கின்றன. விதைப்பு சில வாரங்கள் முன்பின் ஆனாலும், பூக்கும் காலம் அந்த அளவுக்கு மாறுவதில்லை. இது அவ்வகைகளின் இயல்பு. ஆனால், ஒரு வயலின் விளைச்சல் அளவு நீர், உரம், பூச்சித் தாக்குதல் முதலியவற்றைப் பொறுத்து மாறுவதால், அதனை நெல் வகையின் இயல்பு என்று மட்டும் கூற இயலாது.

ஓர் இயல்பு வெளிப்படுவதற்குச் சூழ்நிலையும் தேவைப்படலாம். உயரமாக வளரும் மரபு நெல்லுக்குச் சாயும் இயல்பு உண்டு. எனினும், தழைச்சத்து மிகுதியாக இடும்போதும் காற்றும் மழையும் வலுக்கும்போதுமே அது பெரிதும் வெளிப்படுகிறது.

இயல்பும் இயற்கையும்

'இயல்பாகவே' என்பதும் 'இயற்கையாகவே' என்பதும் எப்போதும் ஒருபொருட்சொற்கள் அல்ல. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளுள் ஒரு வகை, சாய்த்து விட்டால் தானே நிமிரும். அடிப்பகுதி கனமாகவும் வளைவாகவும் இருப்பதே இதற்குக் காரணம். பொம்மை மனிதர் செய்தது. ஆயினும் நிமிர்தல் அதன் அமைப்பிலேயே உள்ளதால், 'இயல்பாகவே நிமிரும்' என்பது சரியான வழக்காகும்.

தவறான பயன்பாடு

'தஞ்சை நிலம் இயல்பாகவே நெல் விளையும் நிலம்' என்னும் கூற்று ஓரளவே பொருந்தும். பழைய பாசனப் பகுதியின் வண்டல் மண்ணுக்கு நீரைத் தேக்கி வைக்கும் தன்மை உண்டு. ஆனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்தில் செம்மண், மணற்பாங்கான நிலங்கள் பல உள்ளன. அங்கே ஆற்றுப்பாசன நெல் பரவியதற்குக் காரணம், 1934இல் மேட்டூர் அணையோடு பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் ஆகும். மக்கள் இதனைப் 'புது ஆறு' என்றும் அழைப்பர்.

மனிதரைப் பற்றிக் கூறும்போது இப்பிழை பெரும் தீங்கு விளைவிக்கும். தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்தனர். சாதிப் படிநிலை இந்நிலையைப் பிறப்போடு வந்த இயல்பாகக் காட்டியது. நிலமின்மை, கடன், சாதிக் கட்டுப்பாடு ஆகியவையே அதன் உண்மையான காரணங்கள். 1952இல் இயற்றப்பட்ட தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாட்களின் கூலியை வரையறுத்தது. அவர்களை விருப்பம்போல் வேலையிலிருந்து நீக்குவதற்கும் தடை விதித்தது. போராட்டத்தாலும் சட்டத்தாலும் மாற்றக்கூடிய ஒரு நிலையை 'இயல்பாகவே' என்னும் சொல்லால் குறிப்பது, அந்நிலையின் காரணத்தை மறைத்துவிடுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

வினையடை
இயல்பு புணர்ச்சி
கல்லணைக் கால்வாய்
தலையாட்டி பொம்மை