பழைய வேலியைப் பிடுங்கப் போறீங்களா? முதல்ல கல்லைத் தேடுங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் 'வேலி' என்றால் இரண்டு அர்த்தம். கொல்லையைச் சுற்றி நிற்பது ஒன்று. நிலத்தை அளப்பது இன்னொன்று. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் சுமார் ஆறரை ஏக்கர். பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே நிலத்தை வேலிக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு வேலி அசையாது. கொல்லை வேலி அசையும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீட்டில் மூங்கில் படல் மக்கி, பூவரசங் கம்பங்களைக் கரையான் அரித்துவிட்டது. பிடுங்கிவிட்டு காம்பவுண்ட் சுவர் எழுப்ப அப்பா ஆள் பேசினார். கடப்பாரையோடு ஆட்கள் வந்து நின்றபோது அப்பாயி கேட்டது ஒரே கேள்வி: "கல்லு எங்கடா இருக்கு?" யாருக்கும் தெரியவில்லை. வேலை அன்றைக்கு நின்றது.

வேலி எல்லை இல்லை

படலைப் பிரித்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் கம்பம் கொஞ்சம் தள்ளி ஊன்றப்படும். கிளுவை, ஒதியம் போத்து நட்டிருந்தால் அது வேர்விட்டு மரமாகித் தடிக்கும். அதனால் வேலி நிற்கும் கோடும் உண்மையான எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலியை எடுத்த பிறகு தகராறு வந்தால், கைகாட்ட ஓர் அடையாளமும் மிஞ்சாது.

எல்லையைச் சொல்வது சர்வே கல்தான். தமிழக அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் போனிலேயே பார்க்கலாம். கல் கிடைக்கவில்லை என்றால், கட்டணம் கட்டி சர்வேயர் அளக்க விண்ணப்பிக்கலாம். அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் உடன் இருக்கட்டும். வேலியோடு சேர்த்து சர்வே கல்லையும் பிடுங்கிப் போடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதை ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆள் பேசும்போது

நாள் கூலியா, மொத்தக் காண்டிராக்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேரோடு எடுப்பதா, தரைமட்டத்துக்கு வெட்டுவதா? குழியை யார் மூடுவது? முள்கம்பியும் விறகும் யாருக்கு? இதையெல்லாம் வேலை முடிந்தபின் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஒதியம், கிளுவையை வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

வேலி ஓரத்தில் பனை நின்றால் அதைத் தொடாதீர்கள். வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேலியை ஒட்டி மின்கம்பமோ ஸ்டே கம்பியோ இருந்தால் லைன்மேனிடம் சொல்லாமல் ஜே.சி.பி.யை இறக்க வேண்டாம்.

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் இதற்கு வசதியான காலம். ஜூனில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. களிமண் கோடையில் பாறையாக இறுகிவிடும். முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் கம்பம் சுலபமாக வரும்.

பாம்பு இருக்கும், கவனம்!

பழைய வேலியடியில் எலி வளை இருக்கும். எலி இருந்தால் பாம்பும் வரும். வெறுங்கையால் குப்பையைக் கிளறாதீர்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்காமல் விலகி நின்று தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் வீட்டுக் கல்?

சர்வேயர் வந்து அளந்த பிறகு கிடைத்தது, ஒதியமர வேருக்கு அடியில். வேலி அதைத் தாண்டி ஒன்றரை அடி தள்ளி நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் இடத்தில்தான் இத்தனை வருஷம் எங்கள் பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது! அப்பா பேச்சில்லாமல் நின்றார். சித்தப்பா சிரித்துவிட்டார். "காய் எனக்கும்தானே வந்துச்சு, விடுங்கண்ணே" என்றார்.

சுவர் இப்போது கல்லை ஒட்டித்தான் நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் நிற்கவில்லை.