எல்லா வலியும் கேஸ் அல்ல

பாப்பாரப்பட்டியில் ராத்திரி விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு இறுக்கிப் பிடித்தால் முதலில் சொல்வது 'கேஸ்'தான். மெடிக்கலில் ஒரு மாத்திரை, ஒரு சோடா. ஓரிரு மணி நேரத்தில் வலி அடங்கிவிடும். மாத்திரை கேட்டது என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் பித்தப்பைக் கல்லின் வலியே அப்படித்தான். கல் பையின் வாயை அடைத்தால் எழும், நகர்ந்தால் ஓயும்.

மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்பார். வீங்கிய பை கீழிறங்கி விரலில் முட்ட, மூச்சு பாதியில் நின்றுபோனால் பித்தப்பை அழற்சி என்ற சந்தேகம் வலுக்கும். சிகாகோவின் ஜான் மர்பி நூறாண்டுக்கு முன் விவரித்த சோதனை இது. பைசா செலவில்லை.

அடுத்தது ஸ்கேன். பெரும்பாலான கற்கள் எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி.யிலும் சில தப்பிவிடும். அல்ட்ராசவுண்டில் கல் பளிச்சென்று மின்னும், பின்னால் கருநிழல் விழும். நோயாளி புரண்டு படுத்தால் கல்லும் உருளும். உருளாமல் சுவரோடு ஒட்டியிருப்பது பாலிப்பாக இருக்கலாம். பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சியைச் சந்தேகிப்பார்கள்.

இந்த ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும்வயிறு வேண்டும். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும். என் கவலை இங்கேதான். இது தெரியாமல் டிபன் சாப்பிட்டுவிட்டு தர்மபுரிக்கு பஸ் ஏறியவரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண் மறுநாள் வருவாரா? மறுபடியும் மெடிக்கல், மறுபடியும் மாத்திரை. சீட்டு எழுதும்போதே "ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் கல் பித்தக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அங்கே குடல் காற்று மறைப்பதால் சாதாரண ஸ்கேன் பல நேரம் ஏமாற்றும். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைப் பார்த்து, பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தால்தான் தெளிவு கிடைக்கும்.

வலியே தராத கல்லைச் சும்மா விடலாம் என்பார்கள். சரிதான். ஆனால் கேஸ் என்று தள்ளிப்போட்ட வலியும் வலிதானே?

கேஸ் என்று தள்ளிப்போடக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை உள்ளவர், நாற்பதைத் தாண்டியவர் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஸ்கேனுக்கும் முன்பே ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். மாரடைப்பும் சிலருக்கு அந்த இடத்தில்தான் வலிக்கும்.